மேக் கணினியும் கல்லூரியின் ஆன்டிவைரஸ் நிபந்தனையும்

வளாகத்து வைஃபையில் சொந்த மடிக்கணினியை இணைத்துக்கொள்ள விரும்பும் மாணவரிடமோ ஆசிரியரிடமோ ஒரு கல்வி நிலையம் எழுதி வாங்கிக்கொள்ளும் உறுதிமொழித் தாளில், கணினியின் மாடல், வரிசை எண் ஆகியவற்றுக்குக் கீழே, எந்த ஆன்டிவைரஸ் போடப்பட்டிருக்கிறது, அதன் சந்தா எந்தத் தேதியோடு முடிகிறது, கடைசியாக என்று அப்டேட் செய்யப்பட்டது என்று கேட்கும் கட்டங்கள் அநேகமாக இருக்கும். விண்டோஸ் வைத்திருப்பவர் இவற்றை இரண்டு நிமிஷத்தில் பூர்த்தி செய்துவிட்டுப் போக, மேக் வைத்திருப்பவர் மட்டும் பேனாவைப் பிடித்தபடி மேஜையருகே நின்றுவிடுகிறார்.

"சார், இது மேக் சார். இதுல வைரஸ் வராது."

"வராட்டி சந்தோஷம் தம்பி. ஆன்டிவைரஸ் பேரு என்னன்னு அந்தக் கட்டத்துல எழுதுப்பா. கோடு போட்டுக் குடுத்தா மேல அனுப்ப முடியாது."

இந்தச் சம்பாஷணையில் இருவர் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு என்பதே என் அபிப்பிராயம். நிபந்தனையை எழுதியவர் மனத்தில் இருந்தது விண்டோஸ் யந்திரம். தமிழக அரசு எல்காட் நிறுவனத்தின் மூலம் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கிய 2011-ஆம் ஆண்டு முதற்கொண்டு, விழுப்புரத்தை அடுத்த காகுப்பத்திலும் திண்டிவனத்தை அடுத்த மேல்பாக்கத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளுக்கானாலும், இவ்விரு ஊர்களின் அரசு கலைக் கல்லூரிகளுக்கானாலும், மாணவர் தோளில் தொங்கி வருவது பெரும்பாலும் விண்டோஸாகவே இருந்து வந்திருக்கிறது. மேக் இப்பக்கம் வந்து சேருவது, சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் புதிது வாங்கிக்கொண்டு பழையதைத் தம்பிக்குத் தள்ளிவிட்டபோதோ, ரிச்சி தெருவில் யாரோ பேரம் பேசி செகண்ட் ஹேண்டில் வாங்கியபோதோதான். ஆகவே மேக்குக்கென்று தனியே ஒரு விதி எழுதப்படும் என்று காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. இருக்கிற விதியை அதன் உத்தேசம் கெடாமலும், நம் யந்திரம் திணறாமலும், கூடுமானால் காசு அதிகம் செலவாகாமலும் நிறைவேற்றுவது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதலில், மேக்கில் வைரஸே வராது என்ற நம்பிக்கை சரித்திரத்துக்கு ஒவ்வாதது. பொதுமக்களிடையே பரவிய ஆதி வைரஸ்களுள் ஒன்றாகிய எல்க் குளோனர், 1982-இல் ரிச் ஸ்க்ரென்டா என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவரால் எழுதப்பட்டு, ஆப்பிள் நிறுவனத்தின் கணினியில்தான், நண்பர்கள் தம்முள் மாற்றிக்கொண்ட ஃபிளாப்பித் தட்டுகளின் வழியாக ஊர்சுற்றியது. 2012-இல் ஃபிளாஷ்பேக் என்ற நச்சு நிரல், ஜாவாவில் இருந்த ஓர் ஓட்டையின் வழியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் புகுந்தது. அந்த ஓட்டையை ஆரக்கிள் பிப்ரவரியிலேயே அடைத்துவிட்டிருக்க, ஆப்பிள் அந்தத் திருத்தத்தைத் தன் வாடிக்கையாளரிடம் கொண்டு சேர்த்தது ஏப்ரலில்தான். 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 சில்லு வந்தது; அடுத்த பிப்ரவரிக்குள் அந்தச் சில்லுக்கும் சேர்த்துத் தொகுக்கப்பட்ட சில்வர் ஸ்பாரோ என்ற நச்சு நிரல் ஏறத்தாழ முப்பதாயிரம் மேக்குகளில் கண்டுபிடிக்கப்பட்டது. 2023 முதல் நடமாடும் அட்டாமிக் ஸ்டீலர் போன்றவை கோப்புகளைக் கெடுப்பதில்லை. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. இவற்றுக்கு வாசல் திறந்துவிடுவது பெரும்பாலும் நாமேதான்; வீடியோ எடிட்டிங்குக்கோ பொறியியல் வரைபடத்துக்கோ விலை உயர்ந்த மென்பொருளின் 'கிராக்' பதிப்பைத் தேடுகிற மாணவர், மேக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும் பெட்டியில் தம் கையாலேயே அதைத் தட்டிக் கொடுத்துவிடுகிறார்.

ஆயினும், கல்லூரி லேப் பொறுப்பாளர் அஞ்சுவது இவற்றை அன்று; அவர் அஞ்சுவது பென்டிரைவை. ரெக்கார்டும் ப்ராஜெக்டும் பிரிண்ட் எடுக்கப் பஸ் ஸ்டாண்டை அடுத்த ஜெராக்ஸ் கடைக்குப் போகாத மாணவர் இரண்டு ஊரிலும் இல்லை. அந்தக் கடையின் ஒற்றைக் கணினியில் காலை முதல் இரவு வரை செருகப்படும் பென்டிரைவுகள் ஒன்றுக்கொன்று என்னென்ன கொடுத்து வாங்கிக்கொள்கின்றன என்பதைக் கடைக்காரரும் அறியார். 'ஷார்ட்கட் வைரஸ்' என்று எல்லாரும் சொல்லும் சரக்கு இவ்வாறு வருவதே. அது உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில், மூலையில் சிறு அம்புக்குறியுடன், சில கிலோபைட் அளவேயுள்ள போலிகளை வைக்கிறது; அந்தப் போலியை விண்டோஸில் திறந்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். மேக்கில் அது ஓடாது; ஓடாததனாலேயே மேக்காரருக்கு அது கண்ணில் படுவதும் இல்லை. வியாதி தமக்கு வராமல், வியாதியைச் சுமந்துகொண்டு மட்டும் திரியும் மனிதரைப் போல, அந்த மேக்கிலிருந்து நகலெடுத்த ஃபோல்டர் லேப்பின் முப்பது கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம். மேக்குக்கும் ஆன்டிவைரஸ் வேண்டும் என்று கேட்பதில் உள்ள உண்மையான நியாயம் இதுவே. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் அந்தக் கட்டத்தைப் பூர்த்தி செய்வதில் மனவருத்தம் இராது.

பென்டிரைவை நீங்களே பார்த்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. ஃபைண்டரில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, கமாண்ட், ஷிஃப்ட், முற்றுப்புள்ளி ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், மறைந்திருப்பவை எல்லாம் மங்கலாகத் தலைகாட்டும். உங்கள் ப்ராஜெக்டின் பெயரைத் தாங்கி, 'எல்.என்.கே.' என்று முடியும் சிறு கோப்பும், அதன் பக்கத்தில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டரும் தெரிந்தால், உண்மைக் கோப்புகள் அநேகமாக அந்தப் பெயரற்ற ஃபோல்டருக்குள்தான் இருக்கும். அவற்றை மேக்குக்கு எடுத்துக்கொண்டு, பென்டிரைவை டிஸ்க் யுடிலிட்டியில் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துவிடுவதே சுலபம். பென்டிரைவ் என்.டி.எஃப்.எஸ். முறையில் இருந்தால், மேக் அதைப் படிக்குமே தவிர அதில் எழுதாது. எழுத முடியாத இடத்தில் உள்ள வைரஸை மேக்கின் ஆன்டிவைரஸ் சுட்டிக்காட்டுமேயன்றி அழிக்காது. "கண்டுபிடித்தது, ஆனால் நீக்க முடியவில்லை" என்ற அறிவிப்பைக் கண்டு மென்பொருள் மட்டம் என்று முடிவுகட்டுவோர் இதை நினைவில் கொள்க.

இதற்கு எதிரிடையான ஒரு தொல்லையும் உண்டு. மேக், தான் தொட்ட பென்டிரைவிலெல்லாம் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள சில கோப்புகளை விட்டுவிட்டுப் போகும் வழக்கம் உடையது. நீங்கள் நகலெடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் இணையாக, அதே பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து, நான்கு கிலோபைட் அளவில் ஒரு துணைக்கோப்பு விண்டோஸில் தெரியும். லேப் உதவியாளர் இவற்றைக் கண்டதும் வைரஸ் என்று நிச்சயித்து பென்டிரைவைப் பிடுங்கிவிடுவது சகஜம். இவை தீங்கற்றவை, மேக் தன் சொந்தக் குறிப்புகளை எழுதி வைத்துக்கொள்ளும் இடம், அவ்வளவே. அழித்துவிட்டாலும் ஆவணத்துக்குக் குறைவு இல்லை.

நிற்க. புதிதாக எதையும் போடுவதற்கு முன்பே உங்கள் மேக்கில் என்ன காவல் இருக்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம். 2009-இல் மேக் இயங்குதளத்தின் ஸ்னோ லெபர்ட் பதிப்போடு வந்த எக்ஸ்புரொடெக்ட், அறியப்பட்ட நச்சு நிரல்களின் அடையாளங்களை வைத்துக்கொண்டு, நீங்கள் திறக்கும் செயலிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2012-இல் சேர்ந்த கேட்கீப்பர், யார் எழுதியது என்று தெரியாத செயலியை வாசலிலேயே நிறுத்துகிறது. 2019-இன் கடலீனா முதல், ஆப்பிளிடம் அனுப்பிச் சோதிக்கப்பட்டு முத்திரை பெறாத செயலிகள் சாதாரணமாகத் திறப்பதில்லை. 2022 மார்ச்சில் வந்த மான்டரே 12.3 முதல், ஏற்கெனவே புகுந்துவிட்டதைத் தேடி நீக்கும் பகுதியும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இவை அனைத்தும் இலவசம். ஆனால் இவற்றுக்கென்று ஒரு ஜன்னலோ, பச்சை விளக்கோ, சந்தாத் தேதியோ கிடையாது. படிவத்தின் கட்டங்களுக்குள் இவை அடங்காததற்குக் காரணம் இதுவே. இருப்பினும் ஆதாரம் காட்ட வழி உண்டு: ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்தால் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று வரும், அதனுள் சாஃப்ட்வேர் என்ற பகுதியில் 'இன்ஸ்டலேஷன்ஸ்' பட்டியலைப் பார்த்தால், எக்ஸ்புரொடெக்ட் எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது என்பது வரிசையாகத் தெரியும். சில நிலையங்களில் இந்தப் பக்கத்தின் படமே போதும் என்று ஏற்றுக்கொள்வார்கள். முதலில் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. அந்தப் பட்டியலில் தேதி பல மாதம் பழையதாக இருக்குமானால், சிஸ்டம் செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் பகுதிக்குள், தானியங்கி அப்டேட்டுகளில், பாதுகாப்புக் கோப்புகளை நிறுவும் விசை அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை உலகெங்கும் விண்டோஸ் கணினிகளைப் பூட்டியபோது, அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டிருந்தது என்பதை நினைத்தால், அப்டேட்டைத் தள்ளிப்போடுவோரின் ஆன்டிவைரஸ் எவ்வளவு உயர்ந்ததானாலும் அதனால் விளையும் லாபம் சொற்பம் என்பது விளங்கும்.

"போதாது, தனியாக ஒன்று போட்டே ஆக வேண்டும்" என்று நிலையம் சொல்லிவிட்டால், எதைப் போடுவது? உங்கள் கல்வி நிலையம் ஏற்கும் பெயர்களின் பட்டியல் ஒன்று இருந்தால் அதற்கு வெளியே போக வேண்டாம். பட்டியல் இல்லையேல், 'ரியல் டைம்' காவல், அதாவது கோப்பு வந்த கணமே பார்க்கும் சக்தி, இருக்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் கிடைக்கும் ஸ்கேனர்கள் பெரும்பாலும் நீங்கள் பொத்தானை அழுத்தும்போது மட்டுமே சோதிப்பவை; ஆப் ஸ்டோரின் கட்டுப்பாடுகள் அவற்றை அதற்குமேல் அனுமதிப்பதில்லை. கிளாம்ஏவி என்னும் கட்டற்ற மென்பொருளும் மேக்கில் அவ்விதமே. டெர்மினலில் பழகியவருக்குப் பென்டிரைவைச் சோதிக்க அது அருமையான கருவி, ஆனால் நிபந்தனை கேட்பது அதுவன்று. 1991-இல் சென்னையில் தொடங்கப்பட்ட கே7, புனேயின் குவிக் ஹீல் ஆகிய நம் நாட்டு நிறுவனங்களும் மேக்குக்குத் தனிப் பதிப்பு விற்கின்றன. லேப் பொறுப்பாளருக்குப் பழகிய பெயர்கள் என்பதே இவற்றின் முதல் அனுகூலம். இலவசம் வேண்டுவோர்க்கு அவாஸ்ட் உண்டு, அடிக்கடி 'மேம்படுத்துங்கள்' என்று நச்சரிப்பதைப் பொறுத்துக்கொள்ளும் பட்சத்தில். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 முதல் தந்துவரும் இலவசக் கருவிகளை மாணவருக்குச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். அவை முக்கியமாக விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் உரியவை, மேக்காரருக்கு அவற்றால் இந்தக் கட்டம் நிரம்பாது.

பழைய மேக்காரர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2015-ஆம் ஆண்டு மேக்புக் ஏர், மான்டரேக்கு மேல் ஏறாது. ஆப்பிள் பாதுகாப்புத் திருத்தம் தந்துகொண்டிருப்பது நடைமுறையில் கடைசி மூன்று பதிப்புகளுக்கே. ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வருகின்றன. ஆகவே, பணம் கட்டும் முன், பெட்டியின் பின்புறத்திலோ இணையதளத்திலோ 'குறைந்தபட்ச மேக்ஓஎஸ்' என்ன என்று வாசித்துவிட்டு, ஆப்பிள் மெனுவில் 'அபௌட் திஸ் மேக்' காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நிறுவும் கட்டத்தில்தான் அநேகர் கோட்டை விடுகிறார்கள். விண்டோஸில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' என்று தட்டிப் பழகிய கை, மேக்கிலும் அப்படியே தட்டிவிட்டு, கடைசியில் பச்சை நிறக் குறியைக் கண்டு திருப்தி அடைந்துவிடுகிறது. ஆனால் கடலீனா முதற்கொண்டு, எந்தச் செயலியும், அது ஆன்டிவைரஸே ஆனாலும், உரிமையாளரின் வெளிப்படையான சம்மதமின்றிப் பல இடங்களில் உள்ள கோப்புகளைத் தொட முடியாது. சம்மதம் இரண்டு இடங்களில் வேண்டும். முதலாவது, 'சிஸ்டம் எக்ஸ்டென்ஷன் தடுக்கப்பட்டது' என்ற அறிவிப்பு வரும்போது, சிஸ்டம் செட்டிங்ஸைத் திறந்து 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'அலௌ' கொடுப்பது. 2024-இன் செக்கோயா முதல் இந்த விசை 'ஜெனரல்' என்பதன் கீழ் 'லாகின் ஐட்டம்ஸ் அண்ட் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இரண்டாவது, அதே பிரைவசி பகுதியில் 'ஃபுல் டிஸ்க் ஆக்ஸஸ்' பட்டியலில் ஆன்டிவைரஸின் பெயருக்கு நேரே உள்ள விசையைத் தட்டி எழுப்புவது. இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் மென்பொருள் ஓடும், அப்டேட்டும் ஆகும், ஆனால் மெயில் போன்ற பல இடங்களைத் திறந்து பார்க்கவே அதனால் இயலாது. இணையப் போக்குவரத்தை வடிகட்ட அனுமதி கேட்கும் மூன்றாவது பெட்டியும் சில நிறுவனங்களில் வரும்; கல்லூரி அதைக் கேட்காதவரையில் மறுத்துவிடலாம் என்பேன், ஏனெனில் வளாக வைஃபையின் லாகின் பக்கம் திறவாமல் முரண்டு பிடிப்பதற்கு அது ஒரு காரணமாகிவிடுவது உண்டு. ஆன்டிவைரஸோடு ஒட்டிவரும் வி.பி.என்., 'கிளீனர்' முதலிய உபரிகளுக்கும் அதே தீர்ப்பு. இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே மேக்கில் ரியல் டைமில் ஓடவிடுவது அறவே கூடாது. ஒவ்வொரு கோப்பையும் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சோதிக்க, பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

டவுன்லோடு சில நூறு மெகாபைட் வரை போகும். அதை விழுப்புரம் ஜங்ஷனில் பாசஞ்சருக்குக் காத்திருக்கும்போது மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தொடங்கி, விக்கிரவாண்டி தாண்டும்போது அறுந்துபோக விடாமல், முந்தின இரவே வீட்டில் முடித்துக்கொள்வது உத்தமம். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆயினும் 2011-இல் 'மேக் டிஃபெண்டர்' என்ற பெயரில், "உங்கள் மேக்கில் வைரஸ் இருக்கிறது" என்று மிரட்டி, ஆன்டிவைரஸ் வேஷத்தில் பணம் பிடுங்கிய மோசடியை எண்ணிச் சொல்லி வைக்கிறேன்.

போட்டது வேலை செய்கிறதா என்று அறிய ஐகார் கோப்பு என்ற ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஆன்டிவைரஸ் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று வகுத்த, 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட, எவ்விதத் தீங்கும் செய்யாத இந்த வரியை வைரஸ் என்று பாவித்துப் பிடிப்பது என்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் சம்மதித்திருக்கின்றன. அந்த அமைப்பின் தளத்திலிருந்து அதை இறக்கியதும் உங்கள் ஆன்டிவைரஸ் கூச்சலிட வேண்டும். மௌனமாக இருந்தால், முன் சொன்ன இரண்டு சம்மதங்களில் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று கொள்க. இந்தப் பரிசோதனையை வீட்டில் செய்யுங்கள்; வளாக வைஃபையில் செய்தால் கல்லூரியின் ஃபயர்வாலும் கூச்சலிட்டு, உங்கள் பெயர் நிர்வாகியின் திரையில் சிவப்பில் எழும்.

இனிப் படிவம். பெயர், சந்தா முடியும் தேதி, கடைசி அப்டேட் ஆகியவற்றை ஆன்டிவைரஸின் முகப்பிலிருந்து எழுதிக்கொண்டு, அந்த முகப்பையும் முன் சொன்ன சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்துவிட்டால் கேள்விகள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதே படிவத்தில் வைஃபை முகவரியும் கேட்டிருந்தால் அவசரப்பட வேண்டாம். செக்கோயாவிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் மேக் தன் உண்மையான வைஃபை முகவரியை மறைத்து, வேறொன்றைக் காட்டவல்லது. சில அமைப்புகளில் அதை அவ்வப்போது மாற்றிக்கொள்ளவும் செய்யும். பதிவு செய்த முகவரி ஒன்று, மேக் காட்டுவது மற்றொன்று என்றால், ஆன்டிவைரஸ் அத்தனையும் சரியாக இருந்தும் வைஃபை கிட்டாது. குற்றமோ ஆன்டிவைரஸ் தலையில் விழும். வளாக வைஃபையின் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை 'ஃபிக்ஸ்டு' என்றோ 'ஆஃப்' என்றோ வைத்துவிட்டு, அப்போது அங்கே தெரியும் முகவரியை எழுதுங்கள்.

சில இடங்களில், ஆன்டிவைரஸோடு நில்லாமல் ஒரு 'ப்ரொஃபைல்' நிறுவச் சொல்வார்கள். இது வேறு விஷயம். அதன் மூலம் நிர்வாகம் மேக்கின் சில அமைப்புகளைத் தூரத்திலிருந்தே மாற்றவும், சில வகைகளில் யந்திரத்தையே பூட்டவும் அழிக்கவும் கூடும். கல்வி நிலையத்தின் சொந்தக் கணினியானால் அது அவர்கள் பாடு. உங்கள் பணத்தில் வாங்கியதானால், அந்த ப்ரொஃபைல் எதை எதை அனுமதிக்கிறது என்பதை நிறுவும் முன் திரையிலேயே வாசித்துப் பார்த்து, புரியாததைக் கேட்டறிந்து, பிறகே சம்மதியுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

முழு ஸ்கேனை வாரம் ஒருமுறை, சார்ஜரில் இருக்கும் இரவு வேளைக்கு ஒதுக்குங்கள். டைம் மெஷின் டிஸ்க்கையும் போட்டோஸ் லைப்ரரியையும் அட்டவணையிலிருந்து விலக்கிவிட்டால் நேரம் பெரிதும் குறையும். பென்டிரைவைச் செருகியவுடன் சோதிக்கும் விசை இருந்தால் அதை மட்டும் ஒருபோதும் அணைக்காதீர்கள்.

படிப்பு முடிந்து வளாகத்தை விட்டுப் போகும்போது, ஆன்டிவைரஸ் இனி வேண்டாம் என்று தோன்றினால், அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரிலிருந்து இழுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவது போதாது; சிஸ்டம் எக்ஸ்டென்ஷனும் பின்னணி நிரல்களும் தங்கிவிடும். நிறுவனம் தந்த 'அன்இன்ஸ்டாலர்' கொண்டே நீக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, முன் சொன்ன எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியல் காலியாகிவிட்டதா என்று பாருங்கள். சந்தாவோ, தனியே ரத்து செய்யும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும். முதல் ஆண்டுத் தள்ளுபடி விலை இரண்டாம் ஆண்டில் இராது. 2021 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும், அந்த எஸ்.எம்.எஸ். போய்ச் சேருவது கார்டுக்கு உரிய அப்பாவின் போனுக்கு. அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, அந்தச் செய்தியில் உள்ள வழியிலேயே ரத்து செய்துகொள்ளுங்கள்.